மச்சில் இருக்கும் கூகையை விரட்டச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோழவந்தான் பக்கம் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறேன். எங்கள் பழைய வீட்டு மச்சில் நான்கு வருடமாக ஒரு ஜோடி கூகை ஆந்தை குடியிருக்கிறது. ஊரில் அதைச் சாக்குருவி என்பார்கள். ராத்திரி அது கிறீச்சிட்டால் யார் வீட்டில் எழவு விழுமோ என்று பயந்து, புகை போட்டு விரட்டச் சொல்லி வாசலுக்கே வந்தவர்கள் உண்டு.

மச்சுக்கு அடியில் கட்டைவிரல் தடிமனில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைத்துக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் பேத்தி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தாள். உள்ளே எலி மயிர், அதற்குள் மூன்று மண்டையோடு, மஞ்சள் பல் கூட அப்படியே. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததை இப்படிக் கக்கிவிடுகிறது. அறுப்பு நேரத்தில் ஒரு எலி வளையைத் தோண்டினால் எத்தனை கதிர் வருகிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். எனக்கு இந்தப் பறவை கூலி கேட்காத காவல்காரன்.

போன தை மாதம் இரண்டில் ஒன்று வரப்பில் செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு காயம் இல்லை. நான்கு நாள் முன்புதான் பக்கத்து வயலில் எலி மருந்து வைத்திருந்தார்கள். சில மருந்து தின்ற எலி உடனே சாகாது. மூன்று நான்கு நாள் தள்ளாடித் திரியும். அப்படித் திரிகிற எலிதான் கூகைக்குச் சுலபமாகச் சிக்கும். செத்த கூகையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அத்தனை பெரிய பறவை, பூ மாதிரி கனம். சிறகின் முன் ஓரத்தில் சீப்புப் பல் போல மெல்லிய இழைகள். சத்தமில்லாமல் பறக்க அதுவும் ஒரு காரணம்.

மச்சில் நான்கு குஞ்சு இருந்தன. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு முட்டையிடுவதால் படிக்கட்டு மாதிரி பெரிதும் சிறிதுமாக இருக்கும். கடைசிக் குஞ்சு தங்கவில்லை.

விவசாயிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்குப் பதில் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வையுங்கள். வயலில் ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று கம்பு நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டுங்கள். கூகை வந்து உட்காரும், அப்புறம் அது பார்த்துக்கொள்ளும். வேளாண்மைத் துறையும் இதைச் சொல்கிறது, ஆனால் எங்கள் பக்கம் ஒரு வயலிலும் காணோம்.

மிச்சமிருக்கும் ஒற்றைப் பறவை விடிய விடிய எலி கொண்டுவருகிறது. மூன்று குஞ்சும் மச்சு ஓரத்துக்கு வந்து சிறகடித்துப் பழகுகின்றன. இன்னும் இரண்டு வாரத்தில் பறந்துவிடும். அதுவரைக்குமாவது பக்கத்து வயல்காரர்கள் மருந்து வைக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.