டேப்பெட் சத்தம் என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளச்சல், முட்டம் பக்கம் இன்னும் பழைய அம்பாசடர் ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டால் வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்துவிடுகிறோம். எஞ்சின் சூடானதும் சத்தம் குறைந்தால், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிகிறதா என்று பாருங்கள். கடற்காற்றில், அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் மரையுள்ள கம்பிகளான ஸ்டட்டெல்லாம் துருவேறியிருக்கும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்காமல் ஸ்பேனர் போட்டால் ஒடிந்துவிடும், அப்புறம் துளை போட்டு எடுக்கும் பெரிய வேலை. மேனிஃபோல்டு வளைந்திருந்தால் கசியாமலிருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் புதிதானாலும் நிற்காது, லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்த வேண்டும். திரும்ப மாட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கசிவின் மேல் பசையை அப்பி அனுப்பும் வேலையை ஒர்க்ஷாப்காரர்கள் தயவுசெய்து விட வேண்டும். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது, அது மணமே இல்லாமல் காருக்குள் வந்து ஆளைக் கொல்லும்.

- ஒரு வாசகர், நாகர்கோவில்