ராப் பாடகர்களின் புகழும் வானொலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக அக்கறையுள்ள அமெரிக்க ராப் பாடகர்கள் முன்பெல்லாம் திறமை ஒன்றினாலேயே பெரும்புகழ் பெற்றார்கள் என்பது பாதி உண்மையே; அவர்களைக் கேட்போரிடம் கொண்டுசேர்த்தவர்களின் பங்கும் அதில் உண்டு. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வந்த ‘தி மெசேஜ்’, ஏழைக் குடியிருப்பின் உடைந்த கண்ணாடியையும் எலித் தொல்லையையும் பாடியது; கொண்டாட்டப் பாடல்களுக்கே பழகியிருந்த குழுவினர் தயங்க, ஷுகர்ஹில் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன்தான் விடாப்பிடியாக நின்று அதை வெளிக்கொணர்ந்தார். இனவெறியைச் சாடிப் பாடிய பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவை வானொலிகள் பெரிதும் ஒதுக்கியபோது, 1988-இல் தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் ராப் நிகழ்ச்சியும், மறு ஆண்டு இயக்குநர் ஸ்பைக் லீயின் திரைப்படத்துக்காக அவர்கள் பாடிய ‘ஃபைட் தி பவர்’ பாடலும் அவர்களை வெள்ளையின இளைஞர்களின் வீடுகளுக்குள்ளும் கொண்டுசேர்த்தன. ராப் பாடகி லாரின் ஹில் 1999-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி என்ற அமெரிக்க இசை விருதை வென்றபோதோ, வானொலியில் நிலைமை ஏற்கெனவே மாறத் தொடங்கிவிட்டது. ஒரு நிறுவனம் நாடெங்கும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களுக்கு இருந்த 40 என்ற உச்சவரம்பை 1996-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியதும், கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கைப்பற்றியது. எந்தப் பாடலை ஒலிபரப்புவது என்பதில் உள்ளூர் அறிவிப்பாளருக்கு இருந்த செல்வாக்கு அத்தோடு வெகுவாகச் சுருங்கிப்போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி