ரேஞ்சரின் முக்கோணத் தண்டும் உன் வெல்டிங் மிஷினும்

சேகர்,

உன் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்போட படம் வந்தது. கியர் பெட்டி சக்தியை முன், பின் சக்கரத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி, அதை 4x4-க்கு மாத்தற மோட்டாரைக் கழட்டிட்டு, உள்ளே தெரியற முக்கோணத் தண்டுல இரும்புப் பட்டை ஒண்ணை வெல்டு வெச்சு லீவராக்கிடப் போறேன்னு எழுதியிருக்கே. வேண்டாம்டா. இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் வெல்டிங் மிஷின் பக்கமே போகாதே. பாலு மாமாவோட லாம்பிரெட்டாவை மட்டும் நினைச்சுக்கோ.

இங்கே எல்லாரும் சௌக்கியம். வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. உன் நம்பர் கேட்டார், கொடுத்திருக்கேன், அனுபவி. இனி விஷயத்துக்கு வரேன்.

மோட்டார் போச்சுன்னு யார் சொன்னது? 4L, அதாவது நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கிற கியர், விழலைங்கிறதுக்காக மோட்டாரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிற அந்தச் சின்ன கண்ட்ரோல் பெட்டிக்கு எல்லாம் சரியா இருந்தாத்தான் மனசு இறங்கும். வண்டி கிட்டத்தட்ட நின்னிருக்கணும். மணிக்கு 3 மைலுக்கு மேல போனா மறுத்திடும். கிளட்ச் முழுசா மிதிச்சிருக்குன்னு சுவிட்ச் சொல்லணும். மோட்டார் இப்ப எந்த இடத்துல நிக்குதுன்னு அதுக்குள்ளே இருக்கிற காண்டாக்ட் தகடு சொல்லணும். உங்க ஓஹையோ ரோட்டு உப்புத்தண்ணி முதல்ல தின்கிறது அந்தத் தகடைத்தான். அதனால முதல்ல ஃப்யூஸைப் பாரு, அப்புறம் கிளட்ச் சுவிட்ச். அதுக்கும் மசியலைன்னா மோட்டார் பிளக்கைக் கழட்டி, அதுல தடியா இருக்கிற ரெண்டு வயருக்கு ஃப்யூஸ் வெச்ச பன்னிரண்டு வோல்ட்டைத் தொட்டும் தொடாமலும் கொடு. சுத்தினா மோட்டார் உயிரோட இருக்கு. வயரை மாத்திப் பிடிச்சா எதிர்ப்பக்கம் சுத்தும். கடைசி வரைக்கும் போய் முட்டினதும் எடுத்திடு, பிடிச்சுக்கிட்டே இருந்தா நீயே எரிச்சிடுவே. மோட்டாரைக் கழட்டின பிறகு முக்கோணத் தண்டைக் குறடால பிடிச்சு மெதுவா திருப்பிப் பாரு. திரும்பினா கேஸ் உள்ளே பெரிசா ஒண்ணும் இல்லை. இறுகி நின்னா கோளாறு உள்ளே இருக்கு, வெளியில எந்த லீவரைப் போட்டும் தீராது.

இதெல்லாம் பார்த்த பிறகும் கை லீவர்தான் வேணும்னா நான் உன் கட்சி. அந்த வயசு வண்டிக்கு, அந்த ஊர் குளிருக்கு, நடுக்காட்டுல பனியில நிக்கிறப்போ ஒரு ரிலேயை நம்பறதை விட ஒரு இரும்புக் கம்பியை நம்பலாம்.

ஆனா உன் வெல்டு யோசனை ஏன் ஆகாதுன்னு கேளு. உன் கேஸ் மாடல் போர்க்வார்னர் 1354. மின்சார 1354-லயும் கை லீவர் 1354-லயும் சங்கிலி, 2.48 மடங்கு லோ கியர் எல்லாம் ஒண்ணுதான். ஷிஃப்ட் பண்ற உறுப்புதான் வேற. உன்னோடதுல தண்டு ஒரு கேமைத் திருப்பும், கேம் ஸ்பிரிங் வழியா கியரை நகர்த்தற ஃபோர்க்கைத் தள்ளும். நிக்கிற இடத்துல பிடிச்சு நிறுத்தறது மோட்டாரோட பல்சக்கரம். மோட்டாரை எடுத்துட்டா பிடிமானம் போச்சு. நீ வெல்டு வெச்ச பட்டை குலுக்கல்ல தானா நகரும், மேட்டுல ஏறும்போது 4L கழண்டுக்கும். அதோட ஓடற வண்டியில 4H, அதாவது சாதாரண வேகத்துல நாலு சக்கர இழுப்பு, போட்டா முன் பக்கத்தைச் சுத்திவிட்டு வேகத்தைச் சமமாக்க உள்ளே ஒரு மின்காந்தக் கிளட்ச் இருக்கு. லீவர் அதுக்குக் கரண்ட் கொடுக்காது. கை லீவர் கேஸ்ல ஸ்பிரிங்கும் பள்ளமும் வெச்சு ஒவ்வொரு இடத்துலயும் 'டக்'னு உட்காரும். அதனால பட்டையை ஒட்டாதே, கேஸையே மாத்து.

உடைக்கிற யார்டுல தேட வேண்டியது உன் தலைமுறை ரேஞ்சர், இல்லைன்னா 1991-94 எக்ஸ்ப்ளோரர், மாஸ்டா நவாஹோ, 1994-லேருந்து வந்த மாஸ்டா பி சீரிஸ். எல்லாம் ஒரே குடும்பம். பழசுல 1350-ன்னு ஒண்ணு வரும், தூரத்துல பார்த்தா இதே முகம். பின்பக்கம் இருக்கிற தகடைத் துடைச்சு நம்பரைப் படிச்சுட்டுப் பணம் கொடு. உன் அஞ்சு கியர் பெட்டிக்குப் பொருந்தணும்னா உள்ளே போற ஸ்பிளைனோட, அதாவது பல் வெட்டின தண்டோட, பல்லை ரெண்டு பக்கமும் எண்ணிப் பாரு. பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கேஸுக்குள்ளே வழுக்கிப் போற வகையா, ஃபிளேஞ்சுல, அதாவது வட்டத் தகடுல, போல்ட் போடற வகையான்னும் பாரு. சிலது அப்படி, சிலது இப்படி. உன்னோடது எதுவோ அதையே தேடு, இல்லைன்னா ஷாஃப்டையும் சேர்த்து வாங்கு.

கேஸை மட்டும் தூக்கிட்டு வந்துடாதே. எல்லாரும் அதைத்தான் செய்வாங்க, அப்புறம் மறுபடியும் யார்டுக்கு ஓடுவாங்க. லீவர், அதைப் பிடிக்கிற பிராக்கெட், இணைப்புக் கம்பி, அதோட பிளாஸ்டிக் புஷ், அந்த ரெண்டு போல்ட், தரை ரப்பர் பூட், அதைச் சுத்தின இரும்புச் சட்டம், கேஸ்ல திருகின இண்டிகேட்டர் சுவிட்ச், அதோட பிளக்குல ஒரு சாண் வயர் எல்லாம் வேணும். அப்படியே கார்பெட்டைத் தூக்கி, அந்த வண்டித் தரையோட ஓட்டையை ஒரு அட்டையில வரைஞ்சுக்கோ. கியர் லீவர்லேருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னும் குறிச்சுக்கோ. அந்த அட்டை உனக்குப் பொக்கிஷம்.

வீட்டுக்கு வந்ததும் மேஜையில வெச்சு முன், பின், உள்ளே போற இடம் மூணுலயும் ஆயில் சீலை மாத்து. வண்டிக்குக் கீழே படுத்துக்கிட்டு மாத்தறது நரகம். லீவர் தண்டை நாலு இடத்துக்கும் தள்ளிப் பாரு. 2H (ரெண்டு சக்கரம் மட்டும்), 4H, N (நியூட்ரல்), 4L நாலும் தெளிவா உட்காரணும்.

கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு ஷாஃப்டுலயும் ஃபிளேஞ்சுலயும் பெயின்டால கோடு போடு. மாத்திப் பூட்டினா அம்பது மைல் வேகத்துல வண்டி நடுங்கும், காரணம் தேடி அலைவே. ஆயிலை வடிக்கும்போது அளந்து பிடி. இந்தக் கேஸ்ல இருக்க வேண்டியது 1.2 லிட்டர், அதாவது ரெண்டரை பைன்ட் மெர்கான் ஏடிஎஃப், ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊத்தற ஆயில். அதை விட நிறைய வந்தா சந்தோஷப்படாதே. கியர் பெட்டிக்கும் கேஸுக்கும் நடுவுல இருக்கிற சீல் போய், கியர் பெட்டி ஆயில் இந்தப் பக்கம் வந்திருக்கு. கியர் பெட்டி வறண்டு கிடக்கும்.

அதைச் சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கேஸை விட முக்கியம். உன் கியர் பெட்டி எம்5ஓடி மாடல். அதோட மேல் மூடியில பின்பக்கம் மூணு ரப்பர் அடைப்பு இருக்கு. வருஷக்கணக்குல அது காஞ்சு, ஆயில் மெல்ல மெல்லக் கசிஞ்சு போகும். கீழே சொட்டறது கண்ணுல படாது. கடைசியில பேரிங் அலறும்போதுதான் தெரியும். கேஸ் வெளியில வந்தப்பவே, கியர் பெட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினா கைக்கு எட்டும். ரப்பரைப் பிடுங்கிட்டு அதே அளவுல இரும்புக் கப் அடைப்பை சீலன்ட் தடவி அடிச்சு உட்கார வை. அப்புறம் கியர் பெட்டிக்கும் ஏடிஎஃப், 5.6 பைன்ட். இந்த ஒரு வேலைக்காகவே கேஸை இறக்கலாம்னு நான் சொல்வேன்.

கேஸைப் பிடிக்கிற போல்ட் அஞ்சு. கியர் பெட்டிக்கு அடியில தனியா ஒரு ஜாக் கொடு. கேஸுக்கு டிரான்ஸ்மிஷன் ஜாக்கும் சங்கிலியும் வேணும். முன் ஷாஃப்ட் போற பக்கம் கனம் அதிகம், போல்ட் விட்டதும் அந்தப் பக்கம் சாயும். நெஞ்சு மேல தாங்கிக்கலாம்னு நினைக்காதே சேகர். தனியா செய்யாதே. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடு, காபி வாங்கிக் கொடு. திரும்ப ஏத்தும்போது புது கேஸ்கட் வை. அஞ்சு போல்ட்டையும் ஒரு சுத்து லேசா, மறு சுத்து முழுசா, 25-லேருந்து 43 அடி-பவுண்டுக்குள்ள இறுக்கு. ஸ்பிளைன் சேராம இடைவெளி நின்னா போல்ட்டால இழுக்காதே, போல்ட் போற கேஸோட காது உடையும். பின் ஃபிளேஞ்சைக் கையால கொஞ்சம் திருப்பினா தானா உள்ளே போகும். லீவர் பிராக்கெட்ல பெரிய போல்ட் முதல்ல, சின்னது அப்புறம். மாத்திச் செஞ்சா லீவர் கோணலா உட்கார்ந்து 4L முழுசா விழாது.

தரையை வெட்டறது கடைசி. கீழே லீவர் பூட்டி, நாலு இடத்துக்கும் தள்ளி, மேலே எங்கே வருதுன்னு அட்டையோட ஒத்துப் பார்த்துட்டு வெட்டு. கார்பெட்டைச் சுருட்டி, அடியில வயர்க்கட்டு ஏதும் இல்லைன்னு கையால தடவிப் பாரு. வெட்டின விளிம்புக்கு உடனே பிரைமர், இல்லைன்னா உன் ஊர் உப்பு அங்கேயிருந்து சாப்பிட ஆரம்பிக்கும்.

ஸ்பீடாமீட்டர் சென்சாரோட பல்சக்கரத்தை உன் பழைய கேஸ்லேருந்து எடுத்துப் போடு. அது உன் டயருக்கும் ஆக்ஸிலுக்கும் அளந்தது. பழைய வயரிங்கை வெட்டாதே. ஃப்யூஸைப் பிடுங்கி, பிளக் வாயில கிரீஸ் அடைச்சுக் கட்டி வை. சுவிட்சோட ரெண்டு வயரை டேஷ்போர்டு 4x4 விளக்குக்குக் கொண்டுபோ. 4L விளக்கு எரியாது, போகட்டும், லீவரைப் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவும் செஞ்சுட்டு முன் சக்கரம் சுத்தலைன்னா என்னைத் திட்டாதே. உன் வண்டியில முன் சக்கரத்தை ஆக்ஸிலோட பூட்டறது ஆட்டோமேட்டிக் ஹப். அதுக்குள்ளே பிளாஸ்டிக் கேம், அது உடையும். கேஸ் சரியாத் திருப்பும், சக்கரம் சும்மா நிக்கும். கேஸுக்குக் கை லீவர் போட்டுட்டு ஹப்பை அப்படியே விடறது பாதி வேலை. கையால பூட்டற ஹப் வாங்கு. ஆட்டோமேட்டிக்லேருந்து மாத்தறதால ஸ்பிண்டில் நட் கிட்டும் சேர்த்து வாங்கணும், பழைய நட் பொருந்தாது. நட்டைக் கழட்டினா வீல் பேரிங்கை மறுபடியும் செட் பண்ணியே ஆகணும்.

இனி விளையாட்டு இல்லை. உன் மின்சாரக் கேஸ்ல நியூட்ரல் கிடையாது. இதுல உண்டு. முன் ஹப்பைத் திறந்து கேஸை நியூட்ரல்ல போட்டா உன் மோட்டார்ஹோம் வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுக்கலாம், அதுக்குத்தான் நீ ஆசைப்படறே, தெரியும். ஆனா அந்த நியூட்ரல்ல வண்டியை முதல் கியர்ல போட்டு நிறுத்தினாலும் உருளும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. உன் வீட்டு டிரைவ்வே சரிவு. பேரன் உள்ளே ஏறி லீவரை இழுத்து விளையாடறவன். ஹேண்ட் பிரேக் கேபிளை முதல்ல சரி பண்ணு, அப்புறம் கேஸைத் தொடு. சக்கரத்துக்குக் கட்டை வைக்காம லீவரைச் சோதிக்காதே.

4L போடும்போது முழுசா நிறுத்தி, கிளட்ச் மிதிச்சு இழு. பல் ஒத்து வரலைன்னா இழுத்துச் சண்டை போடாதே, வண்டியை ஒரு அடி உருட்டிட்டு மறுபடி இழு. காஞ்ச தார் ரோட்ல 4H போட்டு ஓட்டாதே. இது உன் தம்பிக்கும் சேர்த்து.

யார்டுல கேஸ் கிடைச்சா பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தகடு நம்பரையும், பின்பக்கம் ஃபிளேஞ்சா வழுக்கறதாங்கிறதையும் போட்டோ எடுத்து அனுப்பு. கமலாவைக் கேட்டதாச் சொல்லு.

உன்,
ரகு