ஆண்டறிக்கை 2024–25: பொதுப் பல்ப்பர் கொட்டகையும் கழிவுநீர்த் தொட்டிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, தூறலையும் பாராமல் நாகலூரிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் காப்பி விவசாயிகள் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

இவ்வாண்டில் நம்மைப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. செயற்குழு தவறாமல் கூடியது. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுக்கத் தொட்டிகளைப் பற்றித்தான். சங்கத்தின் பணம் பெரும்பாலும் அங்கேதான் போயிற்று; சண்டையும் அங்கேதான் நடந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாம் கொண்டுவரும் காப்பிப் பழத்தின் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் தோல். அதைப் பல்ப்பர் இயந்திரத்தில் பிரித்துச் சாணத்தோடு குழியில் மக்கவிடுகிறோம். அதில் தகராறு இல்லை. தகராறு, கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பைக் கழுவிய தண்ணீரில். அது சர்க்கரைத் தண்ணீர். ஒரு நாள் கிடந்தால் புளித்து, கார அமிலக் குறியீடு 4-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அழுக்கின் அளவைச் சொல்லும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்றால், பல்ப்பர் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் போகும். சுற்றுச்சூழல் விதிகளின் பொது வரம்போ, ஓடையில் விட 30, நிலத்துக்குப் பாய்ச்ச 100. ஆயிரங்களிலிருந்து நூறுக்கு ஒரே தொட்டியில் இறக்க முடியாது என்பதால்தான் நம்மிடம் வரிசையாகத் தொட்டிகள் இருக்கின்றன. முதலில் சுண்ணாம்புத் தொட்டி, அடுத்து மூடிய காற்றில்லாத் தொட்டி, பிறகு காற்றடிக்கும் ப்ளோயர் ஓடும் காற்றுத் தொட்டி, தெளியும் தொட்டி, கல்வாழையும் சம்பும் நட்ட ஜல்லிப் படுகை, கடைசியில் குளம். குளத்துத் தண்ணீர் பிப்ரவரி, மார்ச்சில் காப்பிச் செடி பூக்க ஸ்பிரிங்ளருக்குப் போகிறது. திருமணிமுத்தாறு பிறக்கும் மலை இது. இங்கே ஓடையில் விடுவதைக் கீழே சேலத்தில் இருப்பவர்தான் முகர வேண்டியிருக்கும்.

இந்த வரிசையில் எது முக்கியம் என்று கேட்டால் இரண்டாவது என்பேன். பலர் ப்ளோயரைத்தான் சொல்வார்கள். சத்தம் போடுகிற இயந்திரத்துக்கு மரியாதை அதிகம். ஆனால் அழுக்கின் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் தின்பது மூடிய தொட்டி. மின்சாரமும் கேட்பதில்லை, எரிவாயுவும் தருகிறது. அழுக்கை அளக்கும் இன்னொரு கணக்கான வேதி ஆக்சிஜன் தேவையில் ஒரு கிலோவை அது நீக்கினால் 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது கணக்கு. உள்ளே ஒன்றை ஒன்று நம்பி வாழும் பல நுண்ணுயிர்க் கூட்டங்கள் இருக்கின்றன. பெரியதை உடைப்பவை ஒரு கூட்டம், அமிலமாக்குபவை ஒரு கூட்டம், அமிலத்தை அசிட்டேட்டாக மாற்றுபவை ஒன்று, கடைசியில் மீத்தேன் விடுபவை. அமிலக் கூட்டம் வேகமானது. மீத்தேன் கூட்டம் மெதுவாகப் பெருகுவது, புளிப்பு தாங்காதது, குளிரும் பிடிக்காதது. அதற்கு உகந்த வெப்பம் 35 டிகிரி. நம் அறுவடையோ நடுங்கும் மார்கழியில். கீழே ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளித் தண்ணீருக்கும் இதே முறைதான், ஆனால் அவர்களுக்கு வெயில் இலவசம்.

டிசம்பருக்கு வருகிறேன். மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மலையைப் புரட்டியது அனைவரும் அறிந்ததே. மலைப்பாதையில் மண் சரிந்தது, மின்சாரம் இல்லை. கொட்டகைக் கூரைத் தண்ணீரும் களத்துத் தண்ணீரும் சுண்ணாம்புத் தொட்டியை நிரப்பி, மூடிய தொட்டிக்குள் பாய்ந்து, அங்கே நாள்கணக்கில் வளர்ந்த நுண்ணுயிர்ச் சேற்றை வாரிக்கொண்டு போய்விட்டது. மழை விட்டதும், அழுகும் பழத்தை வைத்திருக்க முடியாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் பல்ப்பருக்கு வந்தோம். பாதி காலியான கூட்டத்துக்கு முழு விருந்து. தொட்டி புளித்துவிட்டது.

முதலில் அதைக் கண்டுபிடித்தது எந்த மீட்டரும் அல்ல, தொட்டி வாயுவில் எரியும் கொட்டகை டீ அடுப்பு. நீலமாக நின்று எரியும் சுடர் பர்னரை விட்டுத் தாவியது, மறுநாள் பற்றவைத்தால் அணைந்தது. வாயுவில் மீத்தேன் குறைந்து கரியமில வாயு கூடிவிட்டது என்று தொட்டி பார்க்கும் தம்பிதான் சொன்னார். லிட்மஸ் தாளும் பிறகு அதையே சொன்னது. அன்றே பல்ப்பரை நிறுத்தச் சொன்னார். நாமோ "பழம் கெட்டுடும் தம்பி" என்றோம். அவர் சொன்னதுதான் நடந்தது: புளித்த தண்ணீர் காற்றுத் தொட்டிக்குள் போய், ஜல்லிப் படுகை வரை நாறியது.

காற்றுத் தொட்டியின் நிலவரத்தை அவர் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் காட்டினார். நல்ல நாளில் ஜாடியை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் பழுப்புச் சேறு 250 மில்லிக் கோட்டுக்குப் பக்கத்தில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அன்று பஞ்சு பஞ்சாய் மிதந்தது, 800 கோட்டுக்குக் கீழே இறங்கவே மறுத்தது. நூல் போன்ற பாக்டீரியா பெருகினால் அப்படித்தான். சர்க்கரை அதிகமாகி நைட்ரஜன் குறைந்த தண்ணீரில் அது சுலபமாக வரும்.

பாதை திறந்ததும் ஆத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் எரிவாயுத் தொட்டியிலிருந்து சேறு வாங்கி வந்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல ஊற்றினோம். மாவுச்சத்தில் வளர்ந்த சேறு என்பதால் நம் சர்க்கரைத் தண்ணீருக்குப் பழகிக்கொண்டது. சுண்ணாம்பு இட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கூட்டி, பொங்கலுக்குப் பிறகுதான் அடுப்பு எரிந்தது. சேறு கொடுத்த ஆலைக்காரர் காசு வாங்க மறுத்தார். பதிலுக்கு அனுப்பிய மிளகு அவருக்குப் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்து, சுற்றுலா விடுதிக் கழிவுநீர் விவகாரம். விடுதிச் செப்டிக் டேங்க் தண்ணீரை நம் தொட்டியில் எதற்கு வாங்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் பலத்த எதிர்ப்பு. காப்பித் தண்ணீர் தை கடந்தால் நின்றுவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் எதைத் தின்னும்? கோடை விழாவுக்கு ஊர் நிரம்பும் மே மாதத்தில்தான் விடுதிகளுக்குக் கழிவுநீர் மிஞ்சுகிறது. இரண்டும் மாறிமாறி வருவதால் தொட்டி ஆண்டு முழுதும் பட்டினி இல்லாமல் இருக்கிறது. அதோடு, காற்றுத் தொட்டிக்கு நூறு பங்கு உணவுக்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் வேண்டும். காப்பித் தண்ணீரில் இல்லாத நைட்ரஜன் விடுதித் தண்ணீரில் தாராளம், யூரியா மூட்டைச் செலவு மிச்சம். எனவே வாங்குவது தொடரும். ஆனால் ஒரு விடுதியிலிருந்து வந்த லோடில் கழிவறை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் மூக்கைத் துளைத்தன, திருப்பி அனுப்பினோம். சமையலறை எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி இல்லாத இடத்துத் தண்ணீரும் இனி ஏற்கப்படாது.

தெளியும் தொட்டியின் சேற்றைக் காற்றுத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் பம்ப் மாற்றப்பட்டது. "சேறுதானே, கொட்டிடலாமே, அதுக்கு ஒரு பம்ப் எதற்கு" என்று ஒரு அண்ணன் கேட்டார். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் உலகுக்குக் காட்டியதே அதுதான்: படிந்த சேற்றைக் கொட்டாமல் புதுக் கழிவுநீரோடு மறுபடி சேர்த்துக் காற்றடித்தார்கள், வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. சேறுதான் நம் வேலையாள். மிஞ்சியது மட்டும் தோல் குழிக்குப் போகிறது.

ஒரு விஷயத்தில் யாருக்கும் விலக்கு இல்லை. அடைப்பு எடுக்க எந்தத் தொட்டிக்குள்ளும் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாப்புக் கவசமில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. மூடியில் பூட்டு போட்டாயிற்று, சாவி தலைவரிடம்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு கோரிக்கைகள். பெரிய ப்ளோயர் வாங்கலாம் என்று கையெழுத்திட்டு ஒரு மனு வந்திருக்கிறது. கடைசியில் நாறினால் காற்றுத் தொட்டிக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தமில்லை; கோளாறு தொடங்கியது மூடிய தொட்டியில். அந்தப் பணத்தில் கூரைத் தண்ணீரைத் தனியே திருப்பும் வாய்க்காலும், ஒரே நாளில் வரும் தண்ணீரைப் பிடித்துவைத்து அளவாக விடும் சமன் தொட்டியும் கட்டலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டாவது, தொட்டி பார்க்கும் தம்பியின் சம்பளம். இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே போனால் இதைவிட நல்ல சம்பளத்துக்கு அவரை எடுத்துக்கொள்ள ஆலைகள் இருக்கின்றன. போய்விட்டால் அடுத்த டிசம்பரில் அடுப்பைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

பல்ப்பர் நாள் பதிவேடு ஐப்பசி முதல் தேதி திறக்கப்படும். முன்பதிவு இல்லாமல் வரும் பழத்துக்கு வரிசையில் இடம் கிடையாது. இதில் தலைவர் வீட்டுப் பழமும் அடக்கம், அவரே சம்மதித்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்
ஏற்காடு