ஒன்பது கோயில், 46 பேர், ஒரு பேருந்து

கும்பகோணம்,
ஆனி 12

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மருமகளுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே அரசலாற்றில் தண்ணீர் வந்தாயிற்று. குறுவை நடவு மும்முரமாக நடக்கிறது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் பாதிப் பேர் மெஷினுக்குப் போய்விட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து 46 பேரை நவக்கிரகக் கோயில்களுக்கு அழைத்து வருவதாக எழுதியிருக்கிறாய். 29 பேர் பெண்கள், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். "வழியில் பாத்ரூமுக்கு என்னடி செய்வது?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். தரிசன நேரம், சாப்பாடு, அறை எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்னாடியே பேசுகிறவர்கள் இதை மட்டும் வண்டி கிளம்பிய பிறகுதான் நினைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் கப்பல் சுற்றுலாவின்போது கரையிறங்கிப் போன பேருந்தில் நடுப்படிக்கட்டை ஒட்டிக் கழிப்பறை இருந்ததே, அது மாதிரி வண்டி இங்கே கிடைக்குமா என்று கேட்டாய். கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கேயே அதை அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லி, பல டிரைவர்கள் பூட்டியே வைத்திருப்பார்கள். தொட்டி சின்னது, காலி செய்யத் தனி இடம் வேண்டும் என்பதுதான் காரணம். அந்தச் சின்ன அறை இருந்தும் அங்கே சமாளிக்க முடிவது, வண்டி நிற்பதால். நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் 45 நிமிஷம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அந்த நிறுத்தத்தில்தான் எல்லோரும் இறங்கிப் போகிறார்கள். நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார். தொட்டி 100 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள், ஒரு ஆளுக்கு நாலு லிட்டராவது போகும். 25 பேர் போனதும் தொட்டி நிறைந்துவிடும். அப்புறம் அதை எங்கே கொட்டுவது? கிளீனர் பையன் கையில் விட்டால் ராத்திரி ஏதாவது வாய்க்காலில் திறந்துவிடுவான். அந்த வாய்க்காலில்தான் அடுத்த ஊர்க்காரர்கள் காலையில் குளிக்கிறார்கள். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

ரோட்டோரமாக ஒதுங்கலாம் என்ற நினைப்பையும் விட்டுவிடு. உங்கள் பக்கம் போல மறைவான காடுமேடு இங்கே கிடையாது. ரோடு மேட்டில் போகும், ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் வாய்க்கால். ஆடியில் வயல் முழுக்க ஆட்கள் இருப்பார்கள். மறைவு என்று இருப்பது வாய்க்கால் கரைக் காட்டாமணக்குப் புதர் மட்டும்தான். அதற்குள் பாம்பு கிடக்கும். ஆண்கள் எப்படியோ ஒதுங்கிவிடுவார்கள். பெண்களுக்கு வழியே இல்லை.

வழியில்லை என்று தெரிந்ததும் நம் பெண்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். இதைத்தான் நீ கெஞ்சியாவது தடுக்க வேண்டும். தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால், மறுநாளே நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல் என்று படுப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஒரேயடியாக ஒரு பாட்டில் குடித்தால் அரை மணியில் முட்டும், அதனால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடிக்கச் சொல். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து ஆறு மணி நேரம் வரை இழுக்கும். காலை நாலரைக்குப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினால் பத்தரை மணி வரை அவஸ்தைதான். அன்றைக்கு மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று அவரவர் டாக்டரிடம் கேட்கட்டும். தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

இனி வரிசைக் கணக்கு. புடவை கட்டிய பெண்ணுக்குச் சராசரியாக மூன்று நிமிஷம், முட்டிவலிக்காரர்களுக்கு ஐந்து நிமிஷம். மூன்று என்றே வைத்தாலும் 29 பேருக்கு 87 நிமிஷம். இரண்டு கழிப்பறை இருந்தால் முக்கால் மணி ஆகும், நாலு இருந்தால் 22 நிமிஷம். "15 நிமிஷம் நிறுத்துகிறோம்" என்று டிரைவர் சொல்லும்போது அவர் ஆண்களை வைத்துச் சொல்கிறார். 17 ஆண்களுக்கு அந்த நேரம் தாராளம். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "பாத்ரூம் இருக்கா?" என்று கேட்காதே. "லேடீஸுக்கு எத்தனை கதவு, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா?" என்று கேள். நாலு கதவு இல்லாத இடத்தில் ஆண்கள் பக்கத்தையும் முதல் கால் மணிக்குப் பெண்களுக்கு விட்டுவிட்டு, வாசலில் ஒருவரை நிறுத்து. உன் கணவர் அதற்குச் சரியான ஆள்.

ஒன்பதையும் ஒரே நாளில் முடிப்பது சுமார் 260 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்தால் நல்லது என்பது என் எண்ணம். ஒரே நாள் என்று முடிவாகிவிட்டதால் புதன்கிழமையாக வை. வியாழன் ஆலங்குடி, சனி திருநள்ளாறு, செவ்வாய் வைத்தீஸ்வரன் கோயில், எல்லாம் கூட்டம் நெரியும். ஆடி வெள்ளி வேண்டவே வேண்டாம், பதினெட்டாம் பெருக்கும் வேண்டாம். புதனன்று ராகு காலம் 12 முதல் 1.30 வரை, அதனால் திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்தில் நடக்கும் பாலாபிஷேகக் கூட்டத்தில் காலையில் மாட்ட மாட்டீர்கள்.

காலை ஐந்துக்குக் கும்பகோணத்திலிருந்து கிளம்பி முதலில் திங்களூர். சின்ன ஊர், ஒரு பேருந்து ஆட்கள் மொத்தமாக இறங்கினால் தாங்காது. அங்கே எதையும் எதிர்பார்க்காதே. அங்கிருந்து ஆலங்குடிக்குக் கும்பகோணம் வழியாகவே வாருங்கள். எட்டு மணிக்குள் வந்துவிடலாம். அதனால் தங்கிய லாட்ஜ் அறைகளைக் காலையிலேயே காலி செய்துவிடாதே. டிபனை லாட்ஜிலேயே வைத்துக்கொள். 15 அறை எடுத்திருந்தால் 15 கழிப்பறை, அதுவும் அவரவர் பழகிய அறை. கூட்டமாக வருகிறவர்கள் விடியற்காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு அதே தெரு வழியாக முட்டிக்கொண்டு போகிறார்கள். செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜாகப் பார்த்துப் பிடி. ஆலங்குடி முடிந்து திருநாகேஸ்வரம் போகும்போதும் இதே ஊரைத் தொட்டுப் போகலாம், யாருக்காவது அவசரம் என்றால் அப்போதும் உதவும்.

சூரியனார் கோயிலும் கஞ்சனூரும் மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அவை முடிய பதினொன்றரை ஆகிவிடும். இங்கே பெட்ரோல் பங்க் கைகொடுக்கும். பங்கில் கழிப்பறை வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. ஆனால் பல இடங்களில் பூட்டு தொங்கும், சாவி கல்லாவில் இருக்கும். 46 பேரை இறக்கிவிட்டுச் சாவி கேட்டால் முகம் சுளிப்பார்கள். முதலில் டீசல் போடு, அப்புறம் கேள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்றால் நாள் முழுக்க 65 லிட்டர் வேண்டும். அதை ஒரே இடத்தில் ஊற்றாமல் ஆடுதுறை, குத்தாலம் பக்கம் 25 லிட்டர், மீதியைக் காரைக்காலில் என்று பிரித்துக்கொள். காரைக்காலில் டீசல் விலை குறைவு என்பதால், "எல்லாம் அங்கேயே போட்டுக்கலாம்மா" என்று டிரைவர் சொல்வார். முன்பே பேசி வை.

பகலில் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள், திறக்க நாலு மணி ஆகும். அந்த மூன்று மணி நேரத்தை மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கழியுங்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபமெல்லாம் சும்மா கிடக்கும், அரை நாள் வாடகை பேசினால் குறைத்துத் தருவார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் வரிசையாகக் கழிப்பறை, மேலே மணமக்கள் அறைகளில் வெஸ்டர்ன், படுக்க ஜமக்காளம், எல்லாம் இருக்கும். ஒரே ஒரு ஆபத்துதான்: விசேஷம் இல்லாததால் மேல்தொட்டி காய்ந்து கிடக்கும். முதல் நாள் மாலையே வாட்ச்மேனை மோட்டார் போடச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டா என்றும் பார்த்துக்கொள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம்தான் கரண்ட் வரும், தொட்டி நிரம்பியிருந்தால் கவலையில்லை.

வைத்தீஸ்வரன் கோயிலில் லாட்ஜ்கள் நிறைய. முடியாதவர்களுக்காக இரண்டு அறை இரண்டு மணி நேரத்துக்கு எடுத்துவிடு. ஏனென்றால் அடுத்து வரும் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு நீட்டம்தான் நாளின் கஷ்டமான பகுதி. இருட்டிவிடும், எல்லோரும் களைத்திருப்பார்கள். காரைக்காலில் டீசல் போடும்போது கட்டாயமாக எல்லோரையும் இறக்கு. திருநள்ளாற்றில் நளதீர்த்தக் கரையில் குளியலறை, கழிப்பறை வசதி உண்டு. ஆனால் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களின் ஈரக்கால் பட்டுத் தரை வழவழவென்று இருக்கும். எழுபது தாண்டியவர்களைத் தனியாக அனுப்பாதே. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவுக்கு வெளியே நிற்கட்டும்.

வண்டியில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்றால், முக்கியமானது ரப்பர் செருப்பு எட்டு ஜோடி. கோயிலுக்குக் கோயில் இறங்குவதால் செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் வெறுங்காலோடு கழிப்பறைக்குள் போவார்கள். இந்தச் செருப்புகள் அதற்கு மட்டும் என்று படிக்கட்டில் வை. அடுத்தது மடக்குக் கமோடு நாற்காலி. சர்ஜிகல் கடையில் கிடைக்கும், இந்தியன் பேசின் மேல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் டைல்ஸில் சறுக்கும். டிக்கியில் கடைசியாக ஏற்று, அப்போதுதான் முதலில் கைக்கு வரும். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, மக் நாலு, டார்ச், சோப்பு. கதவில் மாட்ட S வடிவக் கொக்கி நாலு. பல இடத்தில் ஆணி கூட இருக்காது, கைப்பையை ஈரத்தரையில் வைக்க முடியாமல் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார்கள். தாழ்ப்பாள் விழாத கதவுக்கு ஒரு முழம் கயிறு. பத்து ரூபாய் நாணயமாக ஐந்நூறுக்கு மாற்றி, ஒரே ஆள் மொத்தமாகக் கொடுத்துவிடட்டும். பழைய பேப்பரும் கறுப்புக் கவரும் போதுமான அளவு வேண்டும், நாப்கின் மாற்றுகிறவர்கள் பேசினில் போட்டால் அடைத்துக்கொண்டு பின்னால் வருகிற பத்துப் பேருக்கும் வழியில்லாமல் போகும்.

"யாருக்காவது போகணுமா?" என்று மைக்கில் கேட்காதே. கூச்சத்தில் ஒருத்தி கூட வாய் திறக்க மாட்டாள். "இங்கே எல்லாரும் இறங்குகிறோம்" என்று சொல், முன் வரிசையிலிருந்து எட்டு எட்டுப் பேராக அனுப்பு, மற்றவர்களுக்குக் காபி கொடு. அதையும் கோயிலுக்குப் போவதற்கு முன்பே வைத்துக்கொள். கை கால் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாமி கும்பிடுவார்கள். இடையில் அவசரம் வந்தால் சொல்வதற்கு முதல் சீட்டில் ஒரு பெண் இருக்கட்டும். அவள் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும் என்று டிரைவரிடம் முதல் நாளே சொல்லி வை.

ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் இந்தத் திட்டம் அப்படியே செல்லாது. மழைக்காலத்தில் கடலோரம் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். களிமண் பூமி வேறு, செப்டிக் டேங்க் தண்ணீர் உறிஞ்சாமல் நிற்கும், பேசினில் ஊற்றியது திரும்ப மேலே வரும். ஆடி என்பதால் அந்தக் கவலை இல்லை.

முட்டிவலிக்காரர்கள் எத்தனை பேர், நீர் மாத்திரைக்காரர்கள் எத்தனை பேர், வீல்சேர் வேண்டியவர்கள் உண்டா என்று எண்ணிக்கை மட்டும் உடனே எழுது. வெஸ்டர்ன் எத்தனை இருக்கிறது என்று பார்த்துத்தான் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் மயிலாடுதுறைப் பக்கம் போகிறேன், கதவுகளை எண்ணி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் கும்பகோணத்துத் தோழி