தோணிக்கு அடியில் கேட்ட மெட்டு

கார்க், அயர்லாந்து

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இரண்டு வாரம் வயலினைத் தொடாதே என்று உன் மகள் சொன்னாளாம், நீ கேட்டிருக்கமாட்டாய். என் தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, மழையும் அப்படியேதான்.

செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் தெருமுனை மதுக்கடையில் ஃபிடில்காரர்கள் கூடுவதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? நான் ஆரஞ்சுச் சாறும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் ரீல், ஜிக் என்று காலைச் சும்மா இருக்கவிடாத நடன மெட்டுகள்தான். போன மாதம் ஒரு பெரியவர், யாரிடமும் சொல்லாமல், தாளமே இல்லாத ஒன்றை மெல்ல இழுக்க ஆரம்பித்தார். நம் ஆலாபனைபோல மூச்சுக்கு மூச்சு நின்று நின்று போனது. குவளை கழுவிக்கொண்டிருந்த பையன் குழாயை மூடிவிட்டான். முடிந்ததும், இது யார் செய்தது என்று கேட்டேன். "யாரும் செய்யவில்லை. கேட்டது" என்றார்.

அதன் பெயர் 'போர்ட் ந பூக்கி'. ஆவிகளின் மெட்டு என்று பொருள். கெர்ரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பிளாஸ்கெட் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் இனிஷ்விக்கிலான் என்ற சிறு தீவில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். கதை ஒன்றல்ல. ஒருவன் இரவில் வீட்டில் தனியாக ஃபிடில் வாசித்துக்கொண்டிருக்கிறான். கூரைக்கு மேலே வானத்தில் வேறொரு இசை கடந்து போகிறது. அது தேய்ந்து மறைவதற்குள் காதில் பிடித்துக்கொள்கிறான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவடிகளைக் கவனித்துவந்த ராபின் ஃப்ளவர் இந்தத் தீவுகளுக்குப் பல ஆண்டுகள் வந்துபோனவர்; 1944இல் வெளியான தம் நூலில் இதைத்தான் எழுதிவைத்தார். இன்னொரு கதையில் இசை கடலிலிருந்து வருகிறது: இரவில் தோணியில் போகிறவர்களுக்கு அடியிலிருந்து கேட்கிறது. மெட்டோடு ஒட்டிய சில வரிகளும் உண்டு. அலை தாண்டி வந்து, ஓர் இரவில் களவுபோன பெண்ணின் புலம்பல் அது.

இதற்கு இப்போது ஒரு விளக்கம் வந்திருக்கிறது: திமிங்கிலம்! கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பாடும் என்பது 1970இல் அவற்றின் குரல் இசைத்தட்டாக வந்தபிறகுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. தீவுக்காரர்கள் கேட்டது அதைத்தான் என்கிறார்கள்.

முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பேயை ஓட்டத் திமிங்கிலத்தைக் கூப்பிடுகிறார்களே என்று. பிறகு தீவுக்குப் படகு புறப்படும் டன்குயின் துறைக்கே போனேன். கடல் கொந்தளிப்பு, படகு இல்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். திரும்பும் வழியில் ஒரு நேவோக் கவிழ்த்து வைத்திருந்தது. மெல்லிய மரச்சட்டங்களின்மேல் கித்தான் போர்த்தித் தார் பூசிய தோணி, பலகையே கிடையாது. விரலால் தட்டினேன். ரவை பூசாத மிருதங்கத்தின் தொப்பிபோல 'தொம்' என்றது. அதில் உட்காருகிறவனுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தோல் கனம்தான் இருக்கிறது. கீழே எது பாடினாலும் அது இருக்கைவரை ஏறாமல் எங்கே போகும்? அந்த இடத்தில் என் எரிச்சல் போய்விட்டது.

ஆனாலும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். திமிங்கிலம் முனகியிருக்கலாம், அதை நான்கு தந்திக்கு அடக்கி, இங்கே தொடங்கு, இங்கே திரும்பு என்று வரம்பு கட்டியவன் ஒருவன் இருந்தானே! இனிஷ்விக்கிலானில் டாலி குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறது; ஃபிடில் வாசித்த வீடு. "நான் செய்தேன்" என்று சொல்ல அவர்களில் எவனோ கூச்சப்பட்டிருக்கிறான் என்பதே என் கட்சி.

வேடிக்கை கேள். டானிகல் பக்கத்தில் 'ஃபேரி ரீல்' என்று ஒன்று வாசிப்பார்கள். பெயரைப் பார்த்தால் மோகினிகளிடமிருந்து வந்தது என்றுதான் தோன்றும். அதற்கோ பிறப்புச் சான்றிதழே இருக்கிறது: எடின்பரோவில் இசைக்கடை வைத்திருந்த நத்தேனியல் கௌ, 1802இல் ஃபைஃப் வேட்டைக் குழுவின் நடன விருந்துக்காக எழுதியது. ஸ்காட்லாந்து சரக்கு, கடல் தாண்டி வந்து அயர்லாந்துக் குடியுரிமை பெற்றுவிட்டது. வழியில் எழுதியவர் பெயர் உதிர்ந்துபோய்விட்டது.

நம் வீட்டிலும் நடந்ததுதானே! சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் வாத்தியக் குழு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளில் சம்ஸ்கிருத வரிகளை வைத்து முத்துசுவாமி தீட்சிதர் நொட்டுஸ்வரம் பாடினார். 'ஜகதீச குருகுஹ' எந்த ரீலின் மெட்டில் இருக்கிறது என்று உன் மாணவர்களைக் கேட்டுப் பார். 'லார்ட் மெக்டொனால்ட்' என்று ஒருவனும் சொல்லமாட்டான்.

இங்கே ஃபிடில்காரர்களுக்குள் மெட்டைப் பற்றிச் சண்டை வந்தால் பிரான்சிஸ் ஓநீலின் தொகுப்பைத் திறப்பார்கள். கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்தவர். 1903இல் 1850 மெட்டுகளை அச்சிட்டார். புல்லாங்குழல் வாசிப்பார், ஆனால் ஸ்வரம் எழுத வராது. இவர் வாசிக்க, ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். குடிபெயர்ந்து வந்தவர்களின் விரலில் மிச்சமிருந்ததைச் சேர்த்துவைத்தது ஒரு காவல் துறை என்பது எனக்கு அலுக்காத செய்தி. ஆனால் யாரிடமிருந்து வாங்கினார் என்பதுவரைதான் அந்த வழியில் போகமுடியும். அப்படிக் கொடுத்தவருக்கு யார் கொடுத்தார் என்று கேட்டால் ஒரு பாட்டியோ, ஒரு குருட்டுக் குழல்காரரோ வருவார். அதோடு பாதை நின்றுவிடும்.

பெரிய பிளாஸ்கெட்டிலிருந்து மக்களை 1953இல் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டன்குயினில் நின்று பார்த்தால் கூரையில்லாத வீடுகள் தெரிகின்றன. இனிஷ்விக்கிலான் இன்னும் தள்ளி, மஞ்சுக்குள் இருந்தது. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தேன். காற்றுதான்.

பெரியவரிடம் கெஞ்சி மெட்டைப் பதிவு செய்துகொண்டேன். கேட்டுக் கேட்டு ஸ்வரப்படுத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாம் பகுதியில் நிஷாதம் எங்கே நிற்கிறது என்பது எனக்கு இன்னும் சந்தேகம். நீ திருத்தி எழுது. கண் சரியானதும் வாசித்துப் பார். தாளம் மட்டும் போட்டுவிடாதே.

உன்,
முத்து