ககியோயின் செய்ததற்குப் பெயர்தான் தியரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) ரசிகர்களின் ‘தியரி’கள், அதாவது கதையைப் பற்றிய ஊகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘ஜோஜோஸ் பிசார் அட்வென்ச்சர்’ தொடருக்கு அதில் இடம் கிடைத்தது சந்தோஷம். ஆனால் காலத்தை நிறுத்தும் சக்தியைப் பற்றி ரசிகர்கள் சொல்வதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, பொழுது போகாதவர்களின் கற்பனை என்று ஓரங்கட்டியதை ஏற்க முடியவில்லை. வெறும் கற்பனையும் அதில் உண்டு, அத்தியாயங்களைப் புரட்டி அக்கறையாக யோசித்ததும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கும் வழியை அந்தக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறார் அதை எழுதி வரைந்த ஹிரோஹிகோ அராகி.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1989 முதல் 1992 வரை மங்காவாக (ஜப்பானியச் சித்திரக்கதை) வந்து, 2014-15இல் 48 பகுதிகள் கொண்ட அனிமேயாக எடுக்கப்பட்ட, அத்தொடரின் மூன்றாம் பாகமான ‘ஸ்டார்டஸ்ட் க்ருசேடர்ஸ்’தான் இங்கே பேச்சு. தாயின் உயிரைக் காப்பாற்ற ஜோதாரோ என்ற மாணவன், தாத்தா ஜோசப்புடனும் சில நண்பர்களுடனும் ஜப்பானிலிருந்து கெய்ரோவுக்குப் போகிறான். போகிற வழியில் நம் கல்கத்தாவும் வாரணாசியும்கூட வரும். கெய்ரோவில் இருப்பவன் அவர்களின் எதிரி, ரத்தக்காட்டேரி டியோ. ஒவ்வொருவரின் மனச்சக்தியும் ஓர் உருவமாக வெளிப்படுவதை இக்கதையில் ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள். டியோவின் ஸ்டாண்டான ‘தி வேர்ல்டு’ என்ன செய்யும் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அதனிடம் முதலில் மாட்டிக்கொள்பவன் அந்த நண்பர்களில் ஒருவனான போல்நாரெஃப். டியோவின் மாளிகைப் படிக்கட்டில் ஏறக் கால் வைக்கிறான், பார்த்தால் கீழே இறங்கியிருக்கிறான். அதன்பின் அவன் பேசுவதைக் கவனியுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறான், என்ன நடந்தது என்று தனக்கே புரியவில்லை என்கிறான், இது ஹிப்னாடிசமோ அதிவேகமோ இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறான். நல்ல சாட்சி இப்படித்தான் பேசுவான்.

அடுத்து இன்னொரு நண்பன் ககியோயின். டியோவைச் சுற்றி இருபது மீட்டர் தூரத்துக்குத் தன் ஸ்டாண்டை இழை இழையாகப் பிரித்து வலை கட்டுகிறான். எந்த இழையைத் தொட்டாலும் அங்கிருந்து தாக்குதல் பாயும். அடுத்த கணமே அத்தனை இழைகளும் அறுந்து கிடக்கின்றன, இவன் வயிற்றில் ஓட்டை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி உயிர் போய்க்கொண்டிருக்கும்போது அவன் யோசிப்பது ஒன்றைத்தான். எவ்வளவு வேகமானவனாக இருந்தாலும் ஒன்றை அறுத்த பிறகுதானே அடுத்ததை அறுக்க முடியும்? துளி இடைவெளிகூட இல்லாமல் எல்லாம் ஒன்றாக அறுந்தது எப்படி? விடை கிடைத்ததும் கடைசி அடியை மணிக்கூண்டை நோக்கி அடிக்கிறான். உடைந்த கடிகாரத்தைப் பார்த்து, சாகப்போகிறவன் ஏன் டியோவை விட்டுவிட்டுக் கடிகாரத்தை அடித்தான் என்று மண்டையைக் குடைந்துதான், டியோ காலத்தையே நிறுத்துகிறான் என்ற விஷயத்தை ஜோசப் பிடிக்கிறார்.

கட்டுரையாளர் கேலி செய்த வேலையைத்தான் ககியோயின் செய்திருக்கிறான். தடயத்தை வைத்து ஓர் ஊகம், அந்தத் தடயத்துக்கு ஒத்துவராத விளக்கத்தைக் கழிப்பது. இதே உரைகல்லில் இன்று ரசிகர்களிடம் புழங்குகிறவற்றையும் உரசிப் பார்க்கலாம்.

ஜோதாரோவின் ஸ்டாண்டான ‘ஸ்டார் பிளாட்டினம்’ ஒளியை மிஞ்சும் வேகத்தில் இயங்குவதால்தான் அவனாலும் காலத்தை நிறுத்த முடிகிறது என்பது பலரும் சொல்வது. கட்டுரையும் அதையே எடுத்துக்காட்டியது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. காலம் நிற்பதற்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத்தானே ககியோயின் செத்தான்! ஜோதாரோவின் ஸ்டாண்ட் தன்னுடையதைப் போன்ற அதே வகை என்று டியோவே சொல்லிவிடுகிறான். தவிர, ஆரம்பத்தில் டியோவின் ஆளான என்யா கிழவி டியோவுக்குச் சொல்லிக்கொடுத்தது வேகத்தைப் பற்றியே அல்ல. ஒரு எச்பி பென்சிலை ஒடிக்க முடியுமா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை, அந்த அளவுக்கு இயல்பாக நம்பு என்றாள். முதலில் கண்ணிமைப்பு, அப்புறம் 5 விநாடி, ஜோசப்பின் ரத்தத்தைக் குடித்த பிறகு 9 விநாடி என்று அவன் சக்தி வளர்கிறது. ரத்தம் குடித்தால் நேரம் கூடுவதை வேகக் கணக்கு எப்படி விளக்கும்?

காலம் நின்றால் ஒளியும் நிற்குமே, டியோவுக்குக் கண் எப்படித் தெரியும் என்ற கேள்வியை விட்டுவிடலாம். அவன் எறியும் கத்திகள் கையை விட்டுக் கொஞ்ச தூரம் போய், ஜோதாரோவைத் தொடும் முன் அந்தரத்தில் நிற்கின்றன. அந்த அழகை ரசிக்காமல் இயற்பியல் பாடம் கேட்டால் என்ன சொல்வது?

கட்டுரை தொடவே தொடாத ஊகம்தான் எனக்குப் பிடித்தது. டியோவுக்குக் கழுத்துக்கு மேலேதான் சொந்தம். கீழே உள்ள உடல் ஜோனதனுடையது, அதாவது ஜோதாரோவின் எள்ளுத்தாத்தாவினுடையது. ஜோசப்பின் ஸ்டாண்ட் முட்கொடி வடிவம். முப்பதாயிரம் யென் கேமராவை ஒவ்வொரு தடவையும் உடைத்து அதில் டியோவின் படத்தை வரவழைப்பார். அவர் மகளும் ஜோதாரோவின் தாயுமான ஹோலியின் முதுகில் படர்ந்து உயிரை உறிஞ்சுவதும் செடிகொடிதான். கதையின் தொடக்கத்தில் டியோவும் இதே மாதிரிக் கொடிகளை வைத்து இவர்களை வேவு பார்க்கிறான், அப்புறம் அந்தக் கொடி காணாமலே போய்விடுகிறது. ஆக ‘தி வேர்ல்டு’ டியோவின் தலைக்கு உரியது, கொடி ஜோனதனின் உடலுக்கு உரியது என்கிறார்கள் ரசிகர்கள். அராகி பாதியில் மனம் மாறி அதைக் கைவிட்டார் என்றும் சொல்லலாம்தான். ஆனால் அப்பா, மகள், முப்பாட்டன் உடல் மூன்றிலும் கொடியே வருவதை யோசித்தால் ரசிகர்கள் பக்கம்தான் தராசு சாய்கிறது. இதில் இடிக்கிற இடமும் உண்டு: அதே ரத்தத்தில் வந்த ஜோதாரோவுக்கு மட்டும் கொடி இல்லாமல் போனது ஏன், டியோவின் தலையோடு சம்பந்தமே இல்லாதவனுக்கு அவன் வகை ஸ்டாண்ட் வாய்த்தது எப்படி? இதற்கு எனக்குத் திருப்தியான பதில் இதுவரை கிடைக்கவில்லை.

கட்டுரையாளரிடம் பதில் இருந்தால் அடுத்த இதழில் எழுதட்டும். எந்த அத்தியாயத்தை வைத்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.